பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் சுகாதார வகுப்பு: எந்தக் கோட்பாடு, எந்த ஆய்வு முறை?

மின்மினி
எல்லாருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் எம்டிஎஸ் மேற்படிப்பு, முதல் வருஷம். அடுத்த மாசம் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுக்கணும். திட்டம் இதுதான்: பக்கத்தில் இருக்கும் இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகள். ஒன்றில் ஹெல்த் பிலீஃப் மாடலை (நோய் பற்றிய நம்பிக்கைகள்தான் நடத்தையைத் தீர்மானிக்கும் என்ற கோட்பாடு) வைத்துப் படங்களோடு பல் சுகாதார வகுப்பு. மற்றதில் ஒன்றும் கிடையாது. 12 வயசுப் பிள்ளைகள், பள்ளிக்கு 100 பேர். முதல் நாளும் மூன்று மாசம் கழித்தும் கேள்வித்தாள், பற்படலக் குறியீடு (பல்லில் படியும் அழுக்கின் அளவு), டிஎம்எஃப்டி (சொத்தைப் பல் கணக்கு) மூன்றும் எடுப்பேன்.

கைடு, "ஹெல்த் பிலீஃப் போடு, இல்லாட்டி பிளான்டு பிஹேவியர் (திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு) போடு, எதுன்னாலும் பரவாயில்லை" என்கிறார். எதைப் போட்டால் எத்திக்ஸ் கமிட்டியில் கேள்வி குறையும்? இந்த வழியில் போய் வந்த சீனியர்கள் சொல்லுங்களேன்.

சும்மா_வந்தவன்
காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தேய்க்கச் சொல்லுங்க. இதுக்கு எதுக்குங்க கோட்பாடு?

ஆயிரத்தில்_ஒருத்தி
நான் புள்ளியியல்காரி. வலிக்கும்போது மட்டும்தான் பல் ஞாபகம் வரும். ஆனால் இந்தத் திட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்கவில்லை.

மின்மினி, உங்களிடம் 200 பிள்ளைகள் இல்லை. இரண்டு பள்ளிகள்தான் இருக்கின்றன. ஒரு பள்ளியில் திங்கட்கிழமைதோறும் நகமும் பல்லும் பார்க்கிற பி.டி. வாத்தியார் இருக்கலாம். இன்னொன்றில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போய் யாரும் எதையும் கேட்காமல் இருக்கலாம். மூன்று மாசம் கழித்துத் தெரியும் வித்தியாசம் உங்கள் வகுப்பால் வந்ததா, அந்த பி.டி. வாத்தியாரால் வந்ததா? எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே கடையில் மிட்டாய் வாங்குகிறார்கள். அதனால் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். இந்த ஒற்றுமையை அளக்க ஓர் எண் உண்டு. உதாரணத்துக்கு அதை 0.05 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் வரும் ஆள் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய காரணி: 1 + (ஒரு பள்ளியில் எடுக்கும் பிள்ளைகள் கழித்தல் 1) × 0.05. பள்ளிக்கு 100 பேர் எடுத்தால் 1 + 99 × 0.05 = 5.95. அதாவது உங்கள் 100 பிள்ளைகள் தரும் தகவல், தனித்தனியாகப் பொறுக்கி எடுத்த 17 பிள்ளைகள் தருவதற்குத்தான் சமம். பள்ளிக்கு 20 பேர் மட்டும் எடுத்தால் காரணி 1.95. சாதாரணக் கணக்கில் ஒரு தரப்புக்கு 100 பேர் வேண்டுமென்றால் இங்கே 195 பேர், அதாவது தரப்புக்கு 10 பள்ளிகள். பள்ளிகளைக் கூட்டுங்கள், பள்ளிக்கு எடுக்கும் பிள்ளைகளைக் குறையுங்கள்.

இப்படிக் கூட்டம் கூட்டமாகக் குலுக்கிப் போட்டுச் செய்த நல்ல ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை 7, 6 என்று பிரித்து, சுகாதாரப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல். 2005ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை. அவ்வளவு பேரை வைத்தே இந்த நிலை. கூட்டங்கள் 13 மட்டுமே என்பதற்குக் கொடுத்த விலையும் அதில் உண்டு.

மின்மினி
20 பள்ளியா!! கைடு என்னை வெளியே அனுப்பிடுவார் அக்கா.

தாலுகா_டாக்டர்
அதெல்லாம் அனுப்ப மாட்டார். ஒரு ஒன்றியத்துக்குள்ளேயே அத்தனை பள்ளி கிடைக்கும், நான் சொல்கிறேன். என் வருத்தம் வேற.

பள்ளி முகாமுக்குப் போனால் முதல் கேள்வி: "தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறவங்க கை தூக்குங்க." மொத்த வகுப்பும் தூக்கும். டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கும். முதல் வரிசையில் கையை ரொம்ப உயரத் தூக்கிய பையனின் வாயைத் திறந்தால் கீழ்க் கடைவாயில் நாலு பல்லும் சொத்தை. மணி அடித்ததும் அதே பையன் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் ஜவ்வுமிட்டாயோடு நிற்பான். அவன் வீட்டில் மாசக் கடைசியில் பேஸ்ட் தீர்ந்தால் பல்பொடி, அதுவும் தீர்ந்தால் வெறும் விரல். இவனுக்குப் போய் நீங்கள் எந்த 'நம்பிக்கை'யை மாற்றப் போகிறீர்கள்?

1990களிலேயே கே, லாக்கர் என்ற இருவர் இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: பல் சுகாதாரக் கல்வியால் அறிவு கூடும், பற்படலம் கொஞ்ச நாளைக்குக் குறையும், சொத்தை குறைவது ஃபுளூரைடு சேர்ந்தால்தான். தொடக்கப் பள்ளிகளில் நடத்தை மாற்றத் திட்டங்களைப் பார்த்த 2013 காக்ரேன் தொகுப்பும் (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அறிக்கை) சான்று போதவில்லை என்றுதான் முடித்தது. ஆனாலும் வருஷா வருஷம் நம் கல்லூரிகளிலிருந்து 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' ஆய்வு கத்தை கத்தையாக வருகிறது. எல்லாவற்றிலும் அறிவு கூடியிருக்கும், பி மதிப்பு 0.001. பாடம் நடத்திவிட்டு அதே பாடத்தில் பரீட்சை வைத்தால் மார்க் கூடாமல் என்ன செய்யும்?

கடைவாய்ப்பல்
தாலுகா டாக்டர் சொல்வதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குப் பிறகு வருகிறேன். முதலில் மின்மினியின் கேள்வி.

"எதைப் போட்டால் கேள்வி குறையும்" என்று கேட்டால் கோட்பாடு தலைப்பில் மட்டும்தான் இருக்கும். நான் திருத்திய ஆய்வேடுகளில் பாதி அப்படித்தான். தலைப்பில் ஹெல்த் பிலீஃப் மாடல், உள்ளே கேள்வித்தாளில் அந்த மாதிரியின் ஒரு கூறுகூட இருக்காது. வகுப்பில் காட்டுவது பல் துலக்கும் முறை, அளப்பது பற்படலம், நடுவில் ஒன்றுமே இல்லை. கோட்பாடு இருக்க வேண்டிய இடமே அந்த நடுவில்தான்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பொருந்துமா பொருந்தாதா என்று நீயே சொல்லிவிடுவாய் அம்மா. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோய்க்காக எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றி வீதிக்கே கொண்டுபோனது. இலவசம். ஆனாலும் ஜனம் வரவில்லை. ஏன் என்று கேட்டுத்தான் ஹாக்பாம், ரோஸன்ஸ்டாக் போன்ற சமூக உளவியலாளர்கள் இந்த மாதிரியைக் கட்டினார்கள். எனக்கு வரும் என்று நினைக்கிறாரா, வந்தால் மோசம் என்று நினைக்கிறாரா, போனால் பயன் என்று நினைக்கிறாரா, போகத் தடை என்ன, கிளப்பிவிடும் தூண்டுதல் என்ன. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை 1988ல்தான் இதில் சேர்ந்தது. 1960களிலேயே கெகல்ஸ் இதைப் பல் மருத்துவரிடம் போவதற்கு வைத்துச் சோதித்தார். கவனி: எக்ஸ்ரே எடுப்பது, மருத்துவரிடம் போவது இரண்டும் வளர்ந்த ஆள் எடுக்கும் முடிவுகள், எப்போதாவது ஒரு முறை. உன்னுடையது ஒரு பிள்ளை தினமும் செய்ய வேண்டிய பழக்கம். பேஸ்ட் வாங்கும் காசும் அதன் கையில் இல்லை. 12 வயதுப் பிள்ளையிடம் "நாற்பதில் பல் போய்விடும்" என்று சொன்னால் அதற்கு நாற்பது வயதே ஒரு கட்டுக்கதை.

அஜ்ஸனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டில் மூன்று இருக்கின்றன: அதைப் பற்றிய மனப்பான்மை, சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பு, என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற நினைப்பு. இவை சேர்ந்து எண்ணம், எண்ணத்திலிருந்து செயல். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் நெருக்கம், காரணம் அந்த வயதில் கூட்டாளி செய்வதுதான் வேதம். ஆனால் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. என்னைக் கேட்டால் பண்டுராவின் சமூக அறிதல் கோட்பாடுதான் இங்கே உதவும். பார்த்துச் செய்வது, செய்துபார்த்து "என்னால் முடியும்" என்று தெளிவது, சூழல் அதற்கு இடம் கொடுப்பது. இதை வைத்தால் நீ பேசுவது குறையும், பிள்ளைகள் கையில் பிரஷ் இருக்கும் நேரம் கூடும்.

ஒரு தாளை எடு. இடது ஓரத்தில் உன் வகுப்பில் செய்யும் ஒவ்வொன்றையும் எழுது. அதிலிருந்து அம்பு போட்டு, கோட்பாட்டின் எந்தக் கூறை அது தொடுகிறது என்று எழுது. அதிலிருந்து எந்த நடத்தை, அதிலிருந்து வாயில் எந்த அளவு. எங்கே அம்பு போட முடியவில்லையோ அங்கே ஒன்று வகுப்பு தவறு, இல்லை அளவுகோல் தவறு. எத்திக்ஸ் கமிட்டிக்கு அந்தத் தாளையே காட்டலாம்.

இனி அந்தக் கால்வாசி. கல்வியால் ஒன்றுமே ஆகாது என்பது நம் நாட்டு அனுபவத்துக்கே பொருந்தாது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மேத்தா, குப்தா குழு எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் மாவட்டக் கிராமங்களில் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பழக்கக்காரர்களை வருஷா வருஷம் போய்ப் பார்த்தது. ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிற வழக்கம். அங்கே சொல்ல வேண்டியது வேறு, எர்ணாகுளத்தில் வெற்றிலைக்காரரிடம் சொல்ல வேண்டியது வேறு. வாயைப் பார்த்த பல் மருத்துவரே அந்த ஆளிடம் நேரில் சொன்னார். பத்திரிகை, படம், வானொலி எல்லாம் பக்கபலமாகச் சேர்ந்தன. பழக்கத்தை விட்டவர்களும் குறைத்தவர்களும் கூடினார்கள், வெண்படலம் (புற்றுக்கு முன்னோடியாகக் கூடிய வாய் வெள்ளைத் திட்டு) புதிதாக வருவது குறைந்தது. 1986ல் வெளியானது. அட்டையைக் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பி வருவதோடு இதைச் சேர்த்து 'கல்வி' என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பம்.

ஆயிரத்தில்_ஒருத்தி
ஆனால் சார், அந்த ஆய்வில் ஒப்பிட்டது அதே பகுதிகளில் முந்தைய பத்தாண்டில் பார்த்த ஆட்களோடு. குலுக்கல் இல்லை. அந்த இடைவெளியில் ஊரே மாறியிருக்கலாம்.

கடைவாய்ப்பல்
இருக்கலாம். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன் :)

மின்மினி
சார், அம்புத் தாள் போட்டுப் பார்த்தேன். டிஎம்எஃப்டிக்கு அம்பே போகவில்லை. மூன்று மாசத்தில் அது மாறாது, இல்லையா?

கடைவாய்ப்பல்
மாறாது. சொத்தையைத் தடுக்கும் சோதனைகளுக்கு இரண்டு மூன்று வருடம் வேண்டும். டிஎம்எஃப்டி 1938ல் க்ளைன், பால்மர், நட்சன் கொடுத்தது. சொத்தையான பல், எடுத்த பல், அடைத்த பல் என்று பழைய கணக்கைக் கூட்டிச் சொல்லும். ஒரு தடவை ஏறினால் இறங்காது. தொடக்க நிலையைச் சொல்ல ஒரு முறை எடு, விளைவாகக் காட்டாதே. உன் பகுதி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் டீன் குறியீட்டையும் (ஃபுளூரைடால் வரும் பல் கறையின் அளவு) சேர்த்து எடுத்துக்கொள். குடிநீரில் ஃபுளூரைடு கூடின ஊரில் பல் கறையைக் கவனிக்காமல் சொத்தையை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

பற்படலமும் நம்பிக்கைக்கு உரியதல்ல. டாக்டர் வருகிற நாள் என்றால் அன்று காலை பிள்ளை பத்து நிமிஷம் தேய்க்கும். ஈறில் ரத்தக் கசிவை எடு. அன்று காலை தேய்த்தால் அது மறையாது. 1965ல் லோ குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்து ஒரு வாரம் போல ஆன பிறகுதான் சரியானது. ஆக, ஈறு கடந்த ஒரு வாரத்தின் கதையைச் சொல்லும். பற்படலம் அன்று காலைக் கதையைச் சொல்லும்.

தாலுகா_டாக்டர்
வருகிற தேதியைத் தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். இன்னொன்று, ரெண்டாம் தடவை பரிசோதிப்பவர் எந்தப் பள்ளி எந்தத் தரப்பு என்று தெரியாதவராக இருக்கணும். சினாப்சிஸில் எல்லாரும் இதை எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் வகுப்புச் சுவரிலேயே நீங்கள் ஒட்டிய பல் படம் பல்லிளித்துக்கொண்டிருக்கும். வராந்தாவில் நாற்காலி போட்டுப் பாருங்கள். முகத்தில் நேர் வெயில் விழாமல், வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வரணும்.

சும்மா_வந்தவன்
எங்க அப்பத்தா வாழ்க்கையில பிரஷ்ஷே பிடிச்சதில்லை. செங்கப்பொடி, அப்புறம் நாள் பூரா வெத்தலை. போகும்போது முக்காவாசிப் பல் இருந்துச்சு. இதுக்கு உங்க கோட்பாடு என்ன சொல்லுது?

கடைவாய்ப்பல்
கேலியாகக் கேட்டிருந்தாலும் இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். அதே ஹரால்ட் லோ இதற்கு விடை தேடி இலங்கைக்குப் போனார். இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். 1970ல் தொடங்கி 71, 73, 77, 82, 85 என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். யாரும் பல் துலக்குவதில்லை, பல் மருத்துவம் என்பதே அவர்களை எட்டியதில்லை. எல்லார் வாயிலும் ஒரே மாதிரி அழுக்கு, காரை, வீங்கிய ஈறு. ஆனால் விளைவு மூன்று விதம். 8 சதவீதம் பேருக்கு வேகமாகப் பல் ஆட்டம் கண்டது. 81 சதவீதம் நடுத்தரம். 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. 35 வயதில் முதல் கூட்டத்தாருக்குப் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மி.மீ. போயிருந்தது. கடைசிக் கூட்டத்தாருக்கு 1 மி.மீ.க்கும் குறைவு. உங்கள் அப்பத்தா அந்த 11 சதவீதத்து ஆளாக இருந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம். துலக்கவே துலக்காத அந்த மக்களிடம் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லை. துலக்காவிட்டால் சொத்தை என்று மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சர்க்கரை எங்கே வருகிறது, எவ்வளவு, எத்தனை தடவை என்ற கேள்வி வகுப்பில் இல்லையென்றால் அது பாதி வகுப்பு.

லயத்துப்பையன்
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த ஆய்வு வந்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் இலங்கை மலையகம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன், இப்போது ஆசிரியர் வேலை.

பாடப்புத்தகத்தில் இது 'நோயின் இயற்கை வரலாறு'. பல் மருத்துவம் படித்த ஒவ்வொருவருக்கும் இந்த 8, 81, 11 தெரியும். அந்த 480 பேர் யார் என்று கேட்டால் 'ஸ்ரீலங்கன் டீ லேபரர்ஸ்' என்பதோடு முடிந்துவிடும். தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்றால் அந்தக் காலத்தில் யார் என்று இங்கே எழுதுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1948ல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம், அரிசிக்கும் மாவுக்கும் வரிசை. 1977ல் அடி, 81ல் அடி, 83ல் அடி. ஆய்வு நடந்த 15 வருஷம் என்பது இந்தப் 15 வருஷம்தான்.

இப்போது சொல்லுங்கள், 'இயற்கை' வரலாறு என்பதில் எது இயற்கை? பல் வைத்தியர் இல்லாதது இயற்கையா? சொத்தை இல்லை என்கிறீர்கள். சீனி பங்கீட்டில் கிடைத்த காலம் அது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகும்முன் குடிக்கிற சாயத்தண்ணிக்கே சீனி தட்டுப்பாடு. தடுப்பும் சிகிச்சையும் எட்டாத மக்கள் என்று கட்டுரையிலேயே எழுதித்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபக்கம் ஒப்பிட ஒஸ்லோவில் படித்த ஆண்கள், பிள்ளையிலிருந்தே பல் வைத்தியம் பார்த்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது பிரஷ் மட்டும்தானா?

அக்கா ஒருத்தர் கூட்டம், கணக்கு என்று எழுதியிருந்தார். அவரிடம் கேட்கிறேன். 480 பேரில் 1985ல் மிஞ்சியது 161 பேர். மற்றவர்கள் எங்கே?

ஆயிரத்தில்_ஒருத்தி
நல்ல கேள்வி. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் கையை விட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்களும் இருந்தவர்களும் ஒரே மாதிரி என்றால் பாதகமில்லை. கப்பலேறியவர்கள் வயதிலோ குடும்ப நிலையிலோ உடல்நிலையிலோ வேறுபட்டவர்கள் என்றால் அந்த 8, 81, 11 விகிதமும் ஆடும். யார் ஏன் போனார்கள் என்பதைப் பல்லில் எழுதியிருக்காது, நீங்கள் சொன்ன ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். 2010ல் மறுபடி தேடிப் போனவர்கள் 75 பேரைத்தான் பார்க்க முடிந்தது, 2017ல் அது வெளியானது. நாற்பது வருடத் தொடர்ச்சி என்ற வகையில் அதற்கு இணை அபூர்வம், அதையும் சொல்ல வேண்டும்.

தாலுகா_டாக்டர்
லயத்துப்பையன், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இன்றைய அளவுகோலை வைத்து 1970ஐ அளக்கலாமா? அந்த ஆய்வு இல்லையென்றால், எல்லார் ஈறு நோயும் பல் விழுவதில்தான் முடியும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்போம். இதைவிட மோசமெல்லாம் நடந்திருக்கிறது. ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற விடுதியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940களில் வேண்டுமென்றே ஒட்டும் டாஃபி கொடுத்துச் சொத்தையை வரவழைத்தார்கள். மிட்டாய்க் கம்பெனிக் காசும் அதில் இருந்தது. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டுகிற இனிப்புத்தான் மோசம் என்று நாம் இன்று சொல்வதே அதிலிருந்து வந்ததுதான்.

லயத்துப்பையன்
மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கி அறிக்கை 1964, டாக்டர். 1970க்கு முன்னால். 'இன்றைய அளவுகோல்' என்று தள்ள முடியாது.

நான் லோவைத் திட்ட வரவில்லை. டாஃபி கொடுத்ததும் இதுவும் ஒன்றில்லை, தெரியும். 11 சதவீதம் பேருக்கு நோய் நகரவில்லை என்பது பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் இதை நடத்தும்போது அந்த ஆட்களுக்கு ஒரு வரலாறு இருந்தது என்று ஒரு வரி சொல்லலாமே. மின்மினியின் திட்டத்திலும் அதே வாடை வருகிறது. ஒரு பள்ளிக்கு வகுப்பு, இன்னொன்றுக்கு "ஒன்றும் கிடையாது" என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நூறு பிள்ளைகளின் வாயையும் இரண்டு தடவை திறந்து பார்ப்பார். பல் வலியோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்வார்? குறியீட்டில் ஒரு எண் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாரா?

மின்மினி
உண்மையைச் சொன்னால், அதை நான் யோசிக்கவில்லை அண்ணா. ஒப்பீட்டுப் பள்ளிகளுக்கு மூன்று மாசம் முடிந்ததும் அதே வகுப்பைக் கொடுத்துவிட்டால் சரியா இருக்குமா? வலி, சீழ் இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தரப்பானாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு.

தாலுகா_டாக்டர்
சீட்டு மட்டும் கொடுத்தால் அது சட்டைப் பையிலேயே துவைந்துவிடும். பெற்றோர் நம்பருக்குப் போன் போடுங்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைவாய்ப்பல்
லயத்துப்பையன் கேட்டதற்கும் கோட்பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. ஹெல்த் பிலீஃப், பிளான்டு பிஹேவியர் எல்லாம் தனி ஆளின் தலைக்குள் நடப்பதைப் பேசுகின்றன. அவற்றை மட்டும் வைத்து வகுப்பு எடுத்தால், பேஸ்ட் இல்லாத பிள்ளையிடம் "உன் மனப்பான்மை சரியில்லை" என்று சொல்வதில் போய் நிற்கும். சுகாதார மேம்பாட்டுக்கான 1986 ஒட்டாவா சாசனம் ஐந்து வேலைகளைச் சொன்னது: கொள்கை, சூழல், சமூகம் சேர்ந்து செய்வது, தனித்திறன், மருத்துவச் சேவையைத் திருப்பி அமைப்பது. நம் ஆய்வேடுகள் நாலாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் விட்டுவிடுகின்றன. ஷெய்ஹாமும் வாட்டும் 2000ல் இன்னொரு கோணம் சொன்னார்கள். சர்க்கரையும் புகையிலையும் பல்லுக்கு மட்டும் எதிரி அல்ல, நீரிழிவுக்கும் புற்றுக்கும் அதே வேர். ஆகவே பல்லுக்கென்று தனிப் பிரசாரம் எதற்கு என்று கேட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் நர்சரிகளில் ஆசிரியை முன்னால் பிள்ளைகள் தினமும் ஃபுளூரைடு பேஸ்டால் துலக்குகிறார்கள். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் கை கழுவுவது, பல் துலக்குவது, பூச்சி மாத்திரை மூன்றும் ஒரே திட்டம். நம்மிடம் ஒன்று தயாராகவே இருக்கிறது: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022ல் தொடங்கியது, 2023 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து வரிசையாகக் குழாயடிக்குப் போகத்தான் போகிறார்கள். அந்த வரிசையில் பிரஷ் இருந்தால் பண்டுரா சொன்னதும் ஒட்டாவாவில் சொன்னதும் ஒரே இடத்தில் நடக்கும்.

மின்மினி
சார், அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதானே? என் பிள்ளைகள் 12 வயசு, ஏழாவது.

கடைவாய்ப்பல்
12 வயதை யார் சொன்னது? உலக சுகாதார நிறுவனக் கையேடு 5, 12, 15, 35 முதல் 44, 65 முதல் 74 என்று வயதுகளைக் குறித்தது, நாட்டுக்கு நாடு கணக்கெடுத்து ஒப்பிடுவதற்காக. அது கணக்கெடுப்புக்கு. உன்னுடையது தலையீட்டு ஆய்வு. எங்கே சூழல் கைகொடுக்கிறதோ அந்த வயதை எடு.

தாலுகா_டாக்டர்
நாலாவது, ஐந்தாவது எடுங்கள். அரை டவுசர் என்றாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள். குழாய் எத்தனை, தண்ணீர் வருகிற நேரம் என்ன, பிரஷ்ஷை எங்கே மாட்டி வைப்பது, எல்லாம் முன்கூட்டியே ஒரு பள்ளியில் ஓட்டிப் பாருங்கள். பிரஷ் கலந்து போகாமல் இருக்கப் பேர் எழுதிய கொக்கி வேண்டும், அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சமைக்கிற மகளிர் குழு அக்காமாரைக் கேட்காமல் அந்த நேரத்தில் எதையும் நுழைக்கவும் கூடாது. அவர்கள் மனசு வைத்தால் நடக்கும்.

நெறியாளர்
இழை நன்றாகப் போகிறது. மலையக வரலாறு பற்றி வந்த மூன்று பதில்களைத் தனி இழையாக மாற்றியிருக்கிறேன், அங்கே தொடரலாம்.

மின்மினி
திருத்திய திட்டம், குறை சொல்லுங்கள்:

ஒரே ஒன்றியத்தில் 20 தொடக்கப் பள்ளிகள், பத்துப் பத்தாகக் குலுக்கல். பள்ளிக்கு 4, 5ஆம் வகுப்பில் 20 பிள்ளைகள். தலையீடு, காலை உணவுக்குப் பிறகு ஆசிரியர் முன்னால் துலக்குவது, கூடவே சர்க்கரை பற்றி இரண்டு சின்ன வகுப்புகள். கோட்பாடு சமூக அறிதல். கேள்வித்தாளில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, கூட்டாளிகள் செய்வது, வீட்டில் பேஸ்ட் இருப்பது மூன்றையும் அளப்பேன். முதன்மை விளைவு ஈறு ரத்தக் கசிவு. டிஎம்எஃப்டி தொடக்கத்தில் மட்டும், பால் பல்லுக்குத் தனிக் கணக்கு. பரிசோதகர்கள் இருவரின் ஒத்திசைவைக் கப்பா என்ற புள்ளியியல் அளவைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போவோம். பெற்றோர் சம்மதம், பிள்ளையின் இசைவு இரண்டும். முதல் பிள்ளையைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. ஒப்பீட்டுப் பள்ளிகளுக்கு முடிவில் பிரஷ், பேஸ்ட், வகுப்பு எல்லாம். வலி உள்ள பிள்ளைக்கு அன்றே ஏற்பாடு.

கைடிடம் காட்டினேன். "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்றார். திட்டவில்லை.

ஆயிரத்தில்_ஒருத்தி
பிள்ளைகள் விடுமுறை, மாற்றல் என்று போவார்கள். பள்ளிக்கு 23 எடுங்கள். 0.05 நான் உதாரணத்துக்குப் போட்ட எண், அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஈறு அளவுக்கு வெளியான ஆய்வுகளில் என்ன கிடைத்தது என்று தேடி அதைப் போடுங்கள். அலசும்போது பள்ளியைக் கணக்கில் எடுக்கும் மாதிரி வேண்டும், பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணும் வெறும் டி சோதனை போட்டால் இத்தனை பேசியதும் வீண்.

லயத்துப்பையன்
சம்மதப் படிவத்தை அம்மாமாருக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள் தங்கச்சி. படிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டுவார் என்றும் அதில் எழுதுங்கள். முடிவு வந்ததும் அந்த 20 பள்ளிக்கும் ஒரு பக்கத்தில் அனுப்புங்கள், ஜர்னலுக்கு அனுப்பும் முன்னால்.

தாலுகா_டாக்டர்
முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக் கடிதத்துக்கு இப்போதே மனு போடுங்கள். எத்திக்ஸ் கமிட்டியைவிட அதுதான் லேட் ஆகும். ஒரு நாளைக்கு ரெண்டு பள்ளி என்றால் ஐம்பது செட் கண்ணாடி, புரோப் ஆட்டோகிளேவ் செய்து கையில் இருக்கணும். உங்கள் டிபார்ட்மென்டில் அத்தனை இருக்கிறதா என்று நாளைக்கே எண்ணிப் பாருங்கள்.

மின்மினி
இன்றைக்கே எண்ணினேன் சார். 32தான் இருக்கு. மிச்சம் பக்கத்து டிபார்ட்மென்டில் கேட்டிருக்கேன்.